சம்பந்தியின் கன்வெர்ட்டரும் சம்பந்தியம்மாளின் காதும்

பிப்ரவரி 4

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு அப்படி ஒன்றும் ஆவல் இல்லை. உங்கள் வீட்டு அக்காவின் நலம் போனிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள்தான் போனுக்கு வருவதில்லை. "உங்ககூட போன்ல பேச மாட்டாராம். பேசினா நடுவுல பிடுங்கிடுவீங்களாம். வேணும்னா எழுதட்டும்ங்கிறார்" என்று அக்கா சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். சரி, எழுதிவிட்டேன்.

கல்யாண வரவேற்பில் நீங்கள் மைக் பிடித்துப் பேசும்போது நான் எழுந்துபோய் ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கினேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஸ்பீக்கர் போட்ட இரைச்சலையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரோட்டுக்கு அடியில் ஓடும் குழாயில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று மேலே நின்று காதால் கேட்டுச் சொல்வது என் வேலை. குடிநீர் வாரியம் இந்தக் காதுக்குத்தான் சம்பளம் தருகிறது. அந்தக் காதை அரம் போட்டு ராவினால் நான் என்ன செய்வேன்?

போகட்டும். இப்போது எழுதுவது அதற்காக இல்லை.

உங்கள் மகளும் என் மகனும் சேர்ந்து கசிவு கேட்கும் கருவி ஒன்று செய்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். என் வேலையை எனக்கு இருக்கிற மாதிரி காது இல்லாதவர்களும் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தொடங்கினார்கள். மார்ச் கடைசியில் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் அதைத் தெருவில் வைத்துச் சோதிக்கப் போகிறார். தேறினால் இங்கேயே பட்டறை போடுவார்கள். தேறாவிட்டால் என் மகனுக்குக் கடல் தாண்டி ஒரு வேலை காத்திருக்கிறது. இரண்டு பேரும் மூட்டை கட்டிவிடுவார்கள்.

இன்றைய நிலையில் தேறாது. காரணம் உங்கள் கன்வெர்ட்டர். பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கி மைக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் கொடுக்கிறதே, தீப்பெட்டி அளவு, அதுதான். ஹெட்போனை மாட்டினால் தண்ணீர் கேட்கவில்லை, உங்கள் கன்வெர்ட்டர்தான் கேட்கிறது. வேறு யாராவது செய்ததை வாங்கிப் போடலாமே என்றால் உங்கள் மகள் கேட்பதில்லை. "அப்பா செஞ்சது அத்தை, அதுல தப்பு இருக்காது. என் போர்டுலதான் ஏதோ இருக்கு" என்கிறாள். முகம் வாடிக் கிடக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல அத்தை". உங்களிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கு வந்தது, சொல்லிவிட்டேன். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வந்தது.

முதலில் ஸ்பீக்கர் விஷயம். அன்றைக்கு நான் ஒன்றும் மணிக்கணக்கில் பேசவில்லை. வந்தவர்களுக்கு நன்றி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் கூச்சத்தை விட்டு மைக்கையே பிடித்தேன். "என் மகளைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லணும். அவளுக்கு..." என்றேன். உங்கள் கை பிளக்குக்குப் போனது. மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால் "அவளுக்கு... அப்புறம் என்ன?" என்று கேட்டுக் கண்ணடிக்கிறார்கள்.

இரண்டாவது, என் கன்வெர்ட்டர். இங்கிருந்து வெளியே போகிற ஒவ்வொன்றையும் நானே பெஞ்சில் வைத்து, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில் பார்த்துத்தான் அனுப்புகிறேன். கோடு கோடாக நேராக ஓடும். என் பாப்பா எப்படி அளந்தாள் என்று கேளுங்கள். ஸ்கோப்பின் கிரவுண்டு வயரை நீளமாகத் தொங்கவிட்டு அளந்தால் அது ஏரியல் மாதிரி காற்றில் இருக்கிற குப்பையை எல்லாம் பிடித்துக் காட்டும். அளப்பதில் தப்பு செய்துவிட்டு அப்பன் தலையில் போடக் கூடாது.

இருந்தாலும் பெண்ணைக் கொடுத்த இடம், சொல்லிவிட்டீர்கள். வெளியே வருகிற பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அது ஒரு தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கத்தை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு சமமாகக் கொடுக்கும். நீங்கள் குடிநீர் வாரியம், தொட்டி என்றால் புரியும்.

சம்பந்தி


பிப்ரவரி 20

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் தொட்டி வந்து சேர்ந்தது. அப்பா தானாகவே புது மாடல் அனுப்பியிருக்கிறார் என்று சொல்லி உங்கள் மகளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே உங்கள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

பிறகு சுவிட்சைப் போட்டோம். "டிக்" என்றது. நின்றது. மறுபடி "டிக்". மறுபடி நின்றது. காலையிலிருந்து மத்தியானம் வரை டிக் டிக் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்ததே தவிர ஓடவே இல்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், இரைச்சல் சுத்தமாகப் போய்விட்டது. கருவியே ஓடாவிட்டால் இரைச்சல் எங்கிருந்து வரும்? பிளக்கைப் பிடுங்கி நான் செய்ததை நீங்கள் கெப்பாசிட்டர் போட்டுச் செய்திருக்கிறீர்கள்.

பழைய கன்வெர்ட்டரையே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். கிரவுண்டு வயர் பற்றி நீங்கள் எடுத்த பாடத்துக்கு நன்றி. உங்கள் மகள் குட்டையான வயர் வைத்துத்தான் அளக்கிறாளாம், சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானாம். என் காதுக்கோ வயரே கிடையாது. அந்தக் காது கேட்டதை அப்படியே எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்.

இரண்டு விதமான சத்தம் இருக்கிறது. ஒன்று சல்லடையில் மணல் அரிப்பது மாதிரி "சர்ர்ர்" என்று விடாமல். இன்னொன்று சின்னச் சின்னதாகக் "கிட் கிட்". கருவியின் இரும்பு உடம்பில் கை வைத்தால் சர்ர்ர் மாறுவதில்லை, கிட் கிட் மட்டும் கூடுகிறது. கையை எடுத்தால் குறைகிறது. என் மகன் ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டால் இன்னும் கூடுகிறது. இது உங்கள் ஸ்கோப்பில் தெரியுமா?

என் வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும், அத்தனை அமைதி. அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தும் அவள் முகம் தெளியவில்லை. அந்தக் கிட் கிட்தான் அவளைத் தின்கிறது என்று நினைக்கிறேன்.

சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி சத்தமாகப் படித்தாள். "கெப்பாசிட்டர் போட்டுச் செய்திருக்கிறீர்கள்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு அவள் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கடைக்குக் கேட்டிருக்கும்.

தப்பு என்னுடையதுதான். சின்ன கன்வெர்ட்டரிடம் பெரிய தொட்டியைக் கொடுத்தால் அதை நிரப்புவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். பயந்துபோய்த் தானே அணைந்துகொள்ளும், மறுபடி முயற்சி செய்யும். இத்தனை வருஷத் தொழிலில் இது எனக்குத் தெரியாததில்லை. கோபத்தில் கைக்குப் பெரிதாகக் கிடைத்ததைப் போட்டுவிட்டேன்.

ஆனால் நீங்கள் கை வைத்தால் கூடுகிறது, செருப்பைக் கழற்றினால் இன்னும் கூடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரிக்காக உங்கள் மேல் உள்ள கோபத்தில் கால்வாசியைத் தள்ளுபடி செய்கிறேன். அது ஸ்கோப்பில் தெரியாது. தெரிகிற மாதிரி நான் பார்க்கவும் இல்லை.

விஷயம் இதுதான். கன்வெர்ட்டருக்குள் இரண்டு சுருள்கள் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருக்கின்றன. பேட்டரி பக்கத்துக்கும் குழாய் பக்கத்துக்கும் கம்பித் தொடர்பே இருக்கக் கூடாது. யாராவது தங்கள் வீட்டு எர்த் வயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டி வைத்திருந்தால் அந்த கரண்ட் ஹெட்போன் வழியாக ஆள் தலைக்கு வந்துவிடும், அதற்காக. ஆனால் சுருள்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இரைச்சல் மட்டும் சுவர் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. போன கழுதை திரும்பி வர வழி தெரியாமல் கருவியின் உடம்பு, உங்கள் கை, கால், தரை என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அதுதான் உங்கள் கிட் கிட்.

அதற்கு வாசலிலேயே ஒரு குறுக்குவழி போட்டுவிட்டேன். இரண்டு பக்கத்து கிரவுண்டுக்கும் நடுவே மிளகு அளவில் ஒரு கெப்பாசிட்டர், அதிக வோல்ட் தாங்குகிற வகை. குதித்தது அங்கேயே திரும்பி வீட்டுக்கு வந்துவிடும். அதன் கால்களைக் குட்டையாக வெட்டித்தான் பற்ற வைத்திருக்கிறேன், நீளமாக விட்டால் போட்டும் பிரயோஜனம் இல்லை. சர்ர்ர் சத்தத்துக்கு ஒரு சின்னச் சுருளும், இந்த முறை அளவான ஒரு கெப்பாசிட்டரும் வைத்திருக்கிறேன். கருவியில் எண்களைக் காட்டுகிற பகுதி ஒன்று இருக்கிறதே, அதற்கும் இதே மாதிரி இன்னொரு கன்வெர்ட்டர் அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் தனித்தனியாகப் பெஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும் தங்கம்.

சம்பந்தி


மார்ச் 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

"மதிப்புக்குரிய" என்பதை எடுத்துவிட்டு "அன்புள்ள" போட்டிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள்.

கிட் கிட் போயே போய்விட்டது. கை வைத்தாலும் இல்லை, செருப்பைக் கழற்றினாலும் இல்லை. மணல் சத்தமும் அடங்கிவிட்டது. என் மகன் வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓடிவந்தான். "பார்த்தீங்களா அத்தை, அப்பாவ!" என்று உங்கள் மகள் என்னைக் கட்டிப் பிடித்தாள். நானும் காட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டேன்.

அதெல்லாம் அடங்கியதும் அதற்கு அடியிலிருந்து புதிதாக ஒன்று கிளம்பியது. மெல்லிய விசில். ஒரே இடத்தில் நிற்பதில்லை. காலையில் தாழ்ந்து கிடக்கும், பெட்டி சூடேற ஏற மேலே போகும், அப்புறம் இறங்கும். நாங்களும் என்னென்னவோ மாற்றிப் பார்த்துவிட்டோம். மசியவில்லை.

நேற்று வாரியத்தின் பம்ப் ஹவுஸில் எனக்கு வேலை இருந்தது. உங்கள் மகளும் கூட வந்தாள். அங்கே இரண்டு மோட்டார்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒரே குழாய்க்கு ஓடுகின்றன. உள்ளே போனதும் "வூம்... வூம்..." என்று ஏறி இறங்கி ஒரு சத்தம். எனக்கு அது பழகிப்போன சத்தம்தான். இரண்டும் ஒரே வேகம் என்று பெயர், ஆனால் ஒன்று இம்மி அளவு பின்தங்கும். அந்த இம்மிதான் வூம் வூம் என்று கேட்கும். ஆபரேட்டர் ஒன்றை நிறுத்தினால் அந்த ஏற்ற இறக்கம் போய்விடும். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து எண் காட்டும் பகுதியின் கன்வெர்ட்டரை மட்டும் பிடுங்கினேன். பிடுங்குவதில்தான் எனக்குப் பழக்கம் உண்டே. விசில் நின்றது. மாட்டினேன், வந்தது. உங்கள் இரண்டு தங்கங்களும் தனித்தனியாக நல்ல பிள்ளைகள். சேர்ந்தால்தான் சண்டை போடுகின்றன. மேற்கொண்டு உங்கள் பாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா கவலைப்படுவார்களே என்று இதுவரை எழுதவில்லை. உங்கள் மகள் என் வீட்டில் சரியாகத் தூங்குவதில்லை. வந்த நாளிலிருந்தே இப்படித்தான். நானும் என்னால் ஆனதை எல்லாம் செய்துவிட்டேன். அவர்கள் அறையில் டிக் டிக் என்ற சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுச் சத்தமே வராமல் பண்ணினேன். ஃபிரிட்ஜைத் தூக்கிப் பின்கட்டில் வைத்தேன். கதவுக்கு ரப்பர் ஒட்டினேன். நான் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு கூடுகிறது. கருவிக் கவலைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அந்தப் பம்ப் ஹவுஸில், காது கிழிகிற அந்தச் சத்தத்தில், ஆபரேட்டரின் மரப்பெஞ்சில் சாய்ந்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். எழுப்ப மனசில்லாமல் நான் வேலை முடிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டில் வராத தூக்கம் மோட்டார் பக்கத்தில் வருகிறது. அவளுக்கு என் வீடு பிடிக்கவில்லையா? கடல் தாண்டிப் போக அவளுக்குத்தான் ஆசையா? என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

சம்பந்தி


மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மா,

நானும் "அன்புள்ள" போட்டுவிட்டேன். மேலே உள்ள "அவர்களுக்கு"வையும் எடுத்துவிட்டேன்.

முதலில் தொழில். நான் ஒரு மடையன். இத்தனை வருஷமாக ஒவ்வொரு கன்வெர்ட்டரையும் தனியாகப் பெஞ்சில் உட்கார வைத்து, தனியாகச் சோறு போட்டு, தனியாகப் பரீட்சை வைத்து, "சபாஷ்" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இரண்டை ஒரே பேட்டரியில் சேர்த்து ஓட்டிப் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கும், அது எந்தக் காதுக்கும் கேட்காது. ஆனால் ஒன்றின் துடிப்பு இன்னொன்றைவிட இம்மி முந்தினால் அந்த வித்தியாசம் மட்டும் காதுக்கு எட்டும் விசிலாக வந்து நிற்கும். இரண்டும் ஒரே பேட்டரி வயரில் வாய் வைத்துக் குடிப்பதால் அதன் வழியாகவே ஒன்றின் வம்பு இன்னொன்றுக்குப் போய்ச் சேர்கிறது. சூடேறினால் துடிப்பு மாறும், விசிலும் ஊர்வலம் போகும். நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. மோட்டாரை வைத்து இதைப் பிடித்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தப் பார்சலில் இரண்டு புதுசு இருக்கிறது. ஒன்று தாளம் போடும், மற்றது அதைக் கேட்டு அதே தாளத்தில் துடிக்கும். நடுவில் ஒரு மெல்லிய வயர் போகிறது, அதை விட்டுவிடாமல் இணைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சுருள் வைத்துவிட்டேன், இனி வம்பு பேச முடியாது. இந்தத் தடவை சேர்த்து வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். நம்புங்கள்.

இப்போது பாப்பா. பம்ப் ஹவுஸில் தூங்கினாள் என்று படித்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்திலிருந்த என் மனைவியோ அழுதுவிட்டாள். அதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு மைக்கில் நான் சொல்ல வந்த வரி இதைப் பற்றித்தான். கேளுங்கள், சொல்கிறேன். கேட்காமல் சொல்வதாக இல்லை. ஒரு தடவை அப்படிச் சொல்லப்போய்ப் பட்ட அவமானம் போதும்.

"உங்க கௌரவத்தைத் தூக்கி அலமாரியில வைங்க, சொல்லித் தொலைங்களேன்" என்று என் மனைவி திட்டுகிறாள். முடியாது. நீங்கள் கேட்க வேண்டும்.

சம்பந்தி


மார்ச் 18

அன்புள்ள சம்பந்தி,

மாட்டினோம். மெல்லிய வயரையும் இணைத்தோம். ஹெட்போனை முதலில் என் தலையில்தான் வைத்தார்கள்.

ஒன்றுமே இல்லை. கருவி ஓடவில்லையோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வாழ்நாளில் ஒரு கருவிக்குள் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெகு தூரத்தில் "சொட்"... "சொட்". மைக்கை எங்கள் வாசல் குழாயில் வைத்திருந்தோம். எதிர்வீட்டுச் சமையலறையில் குழாயைச் சரியாக மூடாமல் விட்டிருக்கிறார்கள்! தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டி மூடச் சொன்னேன். "உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று அவர்கள் முழித்த முழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் திரும்பி வரும் வழியெல்லாம் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

இத்தனை சந்தோஷத்துக்கு அப்புறமும் இன்று காலை உங்கள் மகள் சிவந்த கண்ணோடுதான் எழுந்து வந்தாள். "தூங்கினியாம்மா?" என்றேன். "நல்லாத் தூங்கினேன் அத்தை" என்று சொல்லிவிட்டு உப்பு டப்பாவை எடுத்துக் காபியில் போடப்போனாள்.

கருவி சரியாகிவிட்டது. எனக்கு அவள் சரியாக வேண்டும். கௌரவத்தை நான் அலமாரியில் வைத்துவிட்டேன், சாவியும் என்னிடம் இல்லை. பிடுங்கியது தப்புதான். கேட்கிறேன்.

அவளுக்கு... அப்புறம் என்ன, சம்பந்தி?


மார்ச் 21

அன்புள்ள சம்பந்தியம்மா,

மைக் என் கையில் இருக்கிறது, மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், நீங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

"என் மகளைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லணும். அவளுக்கு அமைதின்னா பயம். அவ பொறந்தப்ப எங்களுக்கு வீடு, பட்டறை ரெண்டும் ஒரே ரூம். தொட்டிலுக்குப் பக்கத்துலதான் டெஸ்ட் பெஞ்ச். அதுல எப்பவும் ஒரு இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் 'உம்ம்ம்'னு ஓடிட்டே இருக்கும். அது ஓடுற வரைக்கும் தூங்குவா. கரண்ட் போச்சுன்னா அந்த நொடியே வீல்னு கத்துவா. அப்ப நானும் அவ அம்மாவும் மாத்தி மாத்தித் தொட்டில்கிட்ட உட்கார்ந்து வாயாலேயே 'உம்ம்ம்'னு சொல்லிட்டிருப்போம், கரண்ட் வர்ற வரைக்கும். வளர்ந்து காலேஜ் போனப்பவும் தலைமாட்டுல ஒரு பழைய ஃபேன் கடகடன்னு ஓடணும். சம்பந்தியம்மா வீடு ரொம்ப அமைதியான வீடுன்னு கேள்விப்பட்டேன். அங்க வந்து என் பொண்ணு தூங்கலைன்னா, அவ சந்தோஷமா இல்லைன்னு நினைச்சுடாதீங்க. கொஞ்சம் சத்தம் போடுங்க, போதும்."

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. இப்போது கைதட்டலாம்.

கடிகாரத்தின் டிக் டிக்கைக்கூடத் தாங்காத அத்தையிடம் போய் "எனக்குச் சத்தம் வேணும்" என்று எந்தப் பெண் கேட்பாள்? அவளும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் தனியாக உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. ரோஷம் விடவில்லை. அதற்குள் அவளுக்கே பழகியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

பார்சலில் மரப்பெட்டி ஒன்று இருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர். அந்தப் பழையதேதான். என் தொழில் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகளைத் திருகு போட்டு இறுக்கி இறுக்கி உறுமலை அடக்குவதுதான் வேலை. ஆயுசில் முதல் தடவையாக ஒரு திருகைத் தளர்த்திவிட்டு அனுப்புகிறேன். வெளியே எதற்கும் அது மின்சாரம் தராது, உறுமுவது மட்டும்தான் வேலை. மூடியைத் திறக்க வேண்டாம். அவள் அறையில் வைத்து பிளக்கைச் செருகுங்கள்.

உங்கள் காதுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்களே செருக வேண்டும் என்று கேட்கிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

சம்பந்தி என்று எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. அக்காவை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு உங்களை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

மரப்பெட்டி வந்த அன்று அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் கடைக்குப் போயிருந்தபோது அறையில் வைத்துச் செருகினேன். "உம்ம்ம்" என்றது. என் பல் கூசியது. திரும்பி வந்தவள் கையில் பையோடு உள்ளே போனாள். பை கீழே விழுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "எங்க வீட்டு டிரான்ஸ்ஃபார்மர் அத்தை" என்றாள். "தெரியும்மா, உங்கப்பா சொன்னார்" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்று கேட்டாளே பார்க்கணும், என்னவோ ஆகாயம் இடிந்து விழுந்த மாதிரி.

அன்று படுத்தவள் மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள். என் மகன் பயந்துபோய் இரண்டு தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

சோதனை விடுமுறை நாள் காலையில் நடந்தது, தெருவில் வண்டி இல்லை. தலைமைப் பொறியாளர் வேண்டுமென்றே ஒரு இடத்தில் குழாயைக் கசியவிட்டு மூடி வைத்திருந்தார். எங்கே என்று எங்களுக்குச் சொல்லவில்லை. என்னைத் தூரத்தில் நிற்கச் சொல்லிவிட்டார்கள், ஜாடை காட்டிவிடுவேனாம். உங்கள் மகள் பளிச்சென்ற முகத்தோடு கருவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் கசியவிட்ட இடத்தில் நின்று சாக்பீஸால் வட்டம் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் நிற்கவில்லை, நடந்துகொண்டே போய் வாரிய அலுவலக வாசலில் இன்னொரு வட்டம் போட்டாள். "அங்க நாங்க ஒண்ணும் பண்ணலையேம்மா" என்றார் அவர். "நீங்க பண்ணல சார், தானாவே கசியுது" என்றாள். ஹெட்போனை வாங்கி அவரே மாட்டிக் கேட்டார். மாட்டியவர் கழற்றவே இல்லை. தோண்டிப் பார்த்தால் குழாய் மூட்டு விட்டுப்போய், அவர் அறைக்கு அடியில் ஒரு குட்டிக் குளமே இருந்ததாம்.

அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். என் மகன் கடல் தாண்டிய வேலைக்கு அன்று மாலையே வேண்டாம் என்று எழுதிவிட்டான். பட்டறைக்கு எங்கள் வீட்டுப் பின்கட்டு. ஃபிரிட்ஜ் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவர்களுக்கு நிறைய கன்வெர்ட்டர் வேண்டும், ஜோடி ஜோடியாக. சேர்த்து வைத்து ஓட்டிப் பார்த்து அனுப்புங்கள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் உங்கள் பேச்சை நான் எழுந்து நின்று படித்தேன். மைக் இல்லை. "வாயாலேயே உம்ம்ம்னு சொல்லிட்டிருப்போம்" என்ற இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை உங்கள் மாப்பிள்ளை வாங்கிப் படித்து முடித்தான். உங்கள் மகள் எச்சில் கையோடு கைதட்டினாள்.

அடுத்த வாரம் நீங்களும் அக்காவும் வர வேண்டும். வந்து தங்க வேண்டும். சாக்குப்போக்கு எதுவும் செல்லாது.

இதை எழுதும்போது மத்தியானம். அவள் அறையில் படுத்திருக்கிறாள். நடுவில் ஒரு சுவர்தான். "உம்ம்ம்" என்று அது என் மண்டைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில், இந்தக் காதைத் தவிர வேறு எந்தக் காதுக்கும் கேட்காத அளவில், அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கிறது. அது உறுமுகிற வரைக்கும் எனக்குத்தான் தூக்கம் வராது போலிருக்கிறது.

எழுந்து நாலு எட்டு வைத்தால் பிளக் என் கைக்கு எட்டிவிடும் அண்ணா. தொடவில்லை.

உங்கள் தங்கை